சரோஜா ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு, பஹ்ரைனில் தன் வீடு இருக்கும் குதைபியாவில் இறங்கும்போதே ரகுநாதன் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். தலையே போனாலும் சரி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் சரோஜாவிடம் பிடிபடக் கூடாது. அன்றுதான் லீவு, வீட்டில் கோழிக் குழம்பு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் தானாகவே விஷயத்தைச் சொல்லிவிடலாம். வெறும் வயிற்றில் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிற தெம்பு அவருக்குக் கிடையாது.

விஷயம் சின்னதுதான். மனாமாவில் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். மொத்தமே இரண்டு கீப்பர்கள். ஒருத்தர் லீவில் ஊருக்குப் போனால் இன்னொருத்தர் இருந்தே ஆகவேண்டும். ஆவணி மாச லீவு ரகுநாதனுக்கு, தை மாச லீவு இன்னொரு கீப்பர் பாஸ்கருக்கு என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அன்று காலையில் பாஸ்கர், மேனேஜர் டக்ளஸ் துரை முன்னாலேயே ஆரம்பித்தான்.

"அண்ணே, ஆவணியில நான் போயிக்கிறேண்ணே. நீங்க தையில போங்க."

டக்ளஸ் நிமிர்ந்து பார்த்து, "ஓகேயா ரகு?" என்றார்.

'நோ' என்கிற வார்த்தை ரகுநாதன் வாயில் இதுவரை வந்ததே இல்லை. தலை தானாக ஆடிவிட்டது. கையெழுத்தும் போட்டாயிற்று. அரபிக்காரன் சொல்கிற மாதிரி கலாஸ், முடிந்தது கதை!

ஆவணியில்தான் சரோஜாவின் ஒரே தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் அவள். மாசக்கணக்காக வீட்டில் வேறு பேச்சே இல்லை. புடவைக்கு ரவிக்கைகூடத் தைத்தாயிற்று. அவளை மட்டும் தனியாக அனுப்பலாமே என்பீர்கள். "மாப்பிள்ளை ஏன் வரலை? ஏதாவது மனஸ்தாபமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டே அவளைக் கொன்றுவிடுவார்கள். அதற்கு அப்புறம் அவள் திரும்பி வந்து இவரைக் கொல்வாள்.

திங்கட்கிழமை. டூட்டி முடிந்து வந்து இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சரோஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கை.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

போச்சு! பாஸ்கர் பெண்டாட்டி விஜி பற்றவைத்துவிட்டாள்!

"தெரியும் சரோ, தெரியும்! தொவச்சுத் தொவச்சு உன் கை என்னமா ஆயிடுச்சு! எனக்குக் கண்ணு இல்லையா? இந்த வாரமே வாஷிங் மெஷின் வாங்கிடலாம்."

சரோஜா இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினாள். "நெசமாவா சொல்றீங்க?"

"ஃபுல் ஆட்டோமேட்டிக்!"

"சரி" என்று அவள் உள்ளே போய்விட்டாள். ரகுநாதன் ஏசிக்குக் கீழே நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மா போன் பண்ணாங்க. அந்தக் கல்யா..."

"அம்மாவா!" ரகுநாதன் அலறிய அலறலில் காபி தளும்பியது. "அவங்களை இங்க கூட்டிட்டு வர்றதைப் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன். விசிட் விசா எடுத்துருவோம். மூணு மாசம் ஆசை தீர இருந்துட்டுப் போகட்டும்."

"எங்கம்மாவையா? நீங்களா?"

"எனக்கு மட்டும் பாசம் இருக்காதா?"

சரோஜா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை அவள் எதுவுமே சொல்லவில்லை. வாசலில் வந்து நின்றாள், அவ்வளவுதான். இடுப்பில் கை. பார்த்தாள். ரகுநாதன் டிவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை சீட்டு ஆட இனிமே பாஸ்கர் வீட்டுக்குப் போகப்போறதில்ல சரோ. குடும்பம்தான் முக்கியம்."

"நல்லதுங்க" என்றாள் அவள்.

வியாழக்கிழமை ராத்திரி படுக்கும்போது ரகுநாதனுக்கு ஒரே பெருமை. வாரம் பூராவும் ஓட்டியாயிற்று. ஒரு தடவை பிடித்தாளா? கிடையாதே! இன்னும் ஒரு பொழுது, அவ்வளவுதானே என்று குறட்டை விட்டார்.

விடிந்தால் வெள்ளி. காலையில் கம்பெனி துரைமார்கள் மைதானத்தில் அவர்கள் ஊர் அமெரிக்கப் பந்தாட்டம் ஆடுவார்கள். பேர் என்னமோ ஃபுட்பால், ஆடுவது கையால். முட்டை மாதிரி ஒரு பந்து. ஒருத்தன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் ஓடுகிற தன் ஆளுக்கு எறியப் பார்ப்பான். எறிவதற்குள் எதிர்க்கட்சிக்காரன் பாய்ந்து போய் அவன் இடுப்பில் தொங்குகிற நாடாவை உருவ வேண்டும். உருவிவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். ஸ்டோரில் சாமான் எண்ணுகிறவர் என்பதால், யார் எத்தனை சாக் என்று எண்ணுகிற வேலையை டக்ளஸ் இவர் தலையில் கட்டியிருந்தார். சாக்குச் சொல்லித் தப்பிக்கவும் இவருக்கு வாய் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டக்ளஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "ரகு, அடுத்த வாரம் பெரிய மேட்ச். பாய்கிற ஆள் ஒருத்தன்தான் வேணும். ஸ்டீவா, காலினா?"

இதிலென்ன சந்தேகம்? ரகுநாதன் மன்னார்குடிப் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவர். பிடித்தால் பாயிண்ட், பிடிக்காவிட்டால் மண்ணு. "ஸ்டீவ்தான் சார். அஞ்சு பிடி பிடிச்சிருக்கான். காலின் ஒண்ணுகூடப் பிடிக்கலை. சும்மா ஓடி ஓடி மூச்சு வாங்குறான்."

டக்ளஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் மணலில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். காலினை மறிக்க எப்போதும் இரண்டு பேர் நின்றார்களே, ஏன்? அவன்மேல் அவ்வளவு பயம். அவர்களையும் தாண்டி அவன் வருவதைப் பார்த்ததும் எறிகிறவன் என்ன செய்தான்? ஒரு தடவை அவசரத்தில் தரையில் எறிந்தான். ஒரு தடவை காலின் கட்சி ஆள் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தான். இன்னொரு தடவை காலினுக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடினான், இங்கே சும்மா நின்ற ஸ்டீவ் நாடாவை உருவிக்கொண்டான். ஸ்டீவ் கணக்கில் பாதி காலின் விரட்டிக் கொடுத்தது.

"பிடிச்சதை மட்டும் எண்ணாதே ரகு" என்றார் டக்ளஸ். "எறிகிறவன் பயத்துல எதையெல்லாம் தூக்கி எறியறான், அதைப் பாரு. நல்ல ஆளுக்குப் பிடிக்கவே வேண்டியதில்லை. வந்து நின்னாப் போதும்."

வந்து நின்றால் போதும்!

ரகுநாதன் விரல் விட்டு எண்ணினார். வாஷிங் மெஷின். மாமியார். சீட்டுக் கச்சேரி. அட பாவி மனுஷா, எல்லாத்தையும் நீயேதானே தூக்கித் தூக்கி எறிந்திருக்கிறாய்! கல்யாணமான நாள் முதலாக எண்ணிப் பார்த்தார். சரோஜா அவரை ஒரு தடவைகூடக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. ஆனால் அவர் பிடிவாதமாக வேண்டாம் என்றிருந்த அத்தனை சாமானும் இன்று வீட்டில் இருக்கிறது.

"சார்," என்று டக்ளஸ் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்படி ஒரு ஆள் எதுக்க வந்தா, எறியறவன் என்னதான் செய்யணும்?"

"கலங்காம நிக்கணும். பந்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும். அவசரப்படவே கூடாது."

வழியெல்லாம் ரகுநாதன் அதையே ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தார். கலங்காமல் நிற்கணும். ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் சோற்றுக்காக மட்டும்தான் திறக்கவேண்டும்.

தட்டில் சோறு விழுந்தது. கோழிக் குழம்பு விழுந்தது. ரகுநாதன் பிசைந்தார். சரோஜா சமையலறை வாசலில் போய் நின்றாள். இடுப்பில் கை ஏறியது.

நில்லு ரகுநாதா, நில்லு!

அவள் பேசவில்லை. ஏசி கடகடத்தது. அவள் தலையைக் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்த்தாள். முதல் கவளம் அவர் வாய்க்கு அருகில் வந்து அந்தரத்தில் நின்றது.

"லீவை பாஸ்கருக்குக் கொடுத்துட்டேன் சரோ!" கவளம் தட்டிலேயே விழுந்தது. "ஆவணியில கிடையாது, தையிலதான்! துரை கேட்டாரு, தலை ஆடிடுச்சு. உன் தம்பி கல்யாணத்தை நான் கெடுத்துட்டேன். என்னைத் திட்டு. அடிக்கணும்னா அடி!"

சரோஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏங்க, ஆவணியில மண்டபம் கிடைக்கலையாம். கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வச்சுட்டாங்க. அம்மா திங்கக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. உங்க லீவைத் தைக்கு மாத்த முடியுமான்னு கேக்கத்தான் அன்னைக்கு வந்தேன்."

ரகுநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப... என்மேல தப்பே இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அடியே, அதை அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"எங்க சொல்ல விட்டீங்க? வாயைத் திறந்தா வாஷிங் மெஷின்னீங்க. மறுநாள் சொல்ல வந்தா, எங்கம்மாவுக்கு விசான்னீங்க. இவருக்கு மனசுல என்னமோ பயம், என்னன்னுதான் தெரியல, சரி, நாம பாட்டுக்கு வாசல்ல போய் நின்னு பாப்போமேன்னு புதன்கிழமைலேருந்து நின்னேன்."

எதுவுமே தெரியாமல் நின்றிருக்கிறாள்! ரகுநாதனுக்கு அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது உண்மை. பாடம் படித்தாயிற்று. இனிமேல் மாமலையே எதிரில் வந்து நின்றாலும் பந்து கையை விட்டுப் போகாது. நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்து இரண்டு கவளம் விழுங்கினார்.

சரோஜா உள்ளே போனாள். திரும்பி வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் கை.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"தம்பி கல்யாணத்துக்கு உனக்கு ரெண்டு தங்க வளையல் எடுத்துருவோம் சரோ!"

"ரசம் ஊத்தட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றாள் சரோஜா. "பரவால்ல, வளையலே இருக்கட்டும்."