கைப்பிடி இல்லாத கோபுரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், தங்கள் வருங்கால மருமகளும், அவள் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் நலமில்லை. மகள் சாப்பிடுவதில்லை, அவள் அம்மா எனக்குச் சாப்பாடு போடுவதில்லை. தாங்களும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு பேருமே போனை எடுக்காததால் நம்ப மட்டும்தான் முடிகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். லிஃப்டையும் மாடிப்படியையும் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தே காலம் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். எனக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நூலக மாடியில் கூடும் ஒரு குழுவுக்கு அவர்தான் செயலாளராம். டிராகனும் சூனியக்காரியும் வரும் ஏதோ பன்னிரண்டு பாக நாவலின் மேல் அவர்களுக்கெல்லாம் பைத்தியமாம், அதில் வருகிறவர்களை வைத்துத் தாங்களே புதுக் கதை எழுதிப் போட்டி நடத்துவார்களாம். "சார், நீங்க அந்த நாவலப் படிச்சிருக்கீங்களா?" என்றார். அட்டையைக்கூடப் பார்த்ததில்லை என்றேன். "அப்பாடா! அப்ப நீங்கதான் நடுவர்" என்றார். படித்தவர்களில் பாதிப் பேர் டிராகன் கட்சி, பாதிப் பேர் சூனியக்காரி கட்சி, போன வருட நடுவரின் ஸ்கூட்டர் சீட்டை யாரோ கிழித்துவிட்டார்கள், ஒன்றும் தெரியாதவர்தான் நடுநிலையாக இருப்பார் என்பது அவர் கணக்கு. ஒன்றும் தெரியாதவன் என்று ஊரில் எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கதைகளில் எழுதியவர் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தெரிந்த தொழிலைத்தானே செய்ய முடியும் என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராஜ குடும்பம் மொத்தமும் ஒரே டிராகன் மேல் ஏறிப் பறந்த கதைக்கு, "அனுமதிக்கப்பட்ட எடை எங்கும் எழுதப்படவில்லை" என்று குறித்தேன். பறக்கும் கட்டிலுக்கு பிரேக் இல்லாததைக் கண்டுபிடித்தேன். பிறகு ஒன்பதாம் எண் வந்தது. அதில் சண்டை இல்லை, மந்திரம் இல்லை. நாவலின் ஐந்தாம் பாகத்திலேயே செத்துப்போய்விட்டாளாம் கிழட்டு ராணி, அவள் ஒரு நாள் கோபுரப் படியேறி வருகிறாள். காலடிச் சத்தம் கேட்டு ராஜா அடுப்பில் தண்ணீர் வைக்கிறார். அவள் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா?" என்கிறாள். "இல்லை" என்கிறார். இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். கதை முடிந்தது. நான் எழுதியது இது: "இறந்தவர் திரும்பி வந்ததற்குக் காரணம் காட்டப்படவில்லை. படிகள் செங்குத்து, கைப்பிடி இல்லை. வயதான பெண்மணி ஏறுவதற்குத் தகுதியற்றது. பூஜ்யம்."

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நூலக மாடிக்கு வந்ததைப் பார்த்து, எனக்கு மரியாதை செய்யத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து முதல் வரிசையில் உட்கார வைத்த மகாபாவியும் நான்தான். பெண் பார்க்க வந்த அன்று நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத வரி அதிகாரி, டிராகன் கூட்டத்தில் 'கரடி' என்ற புனைபெயரில் எழுதுவார் என்று யாருக்குத் தெரியும்? நடுவர் குறிப்பைச் சத்தமாக வாசிப்பதும், வாசித்து முடித்ததும் எழுதியவர் எழுந்து நிற்பதும் அவர்கள் வழக்கமாம். "வயதான பெண்மணி" என்ற இடத்தில் சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். தாங்கள் எழுந்து நின்றீர்கள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டீர்கள். சம்பந்தி அம்மா தவறியது போன வருடம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"ஒரு மனுஷன் பொண்டாட்டிய நெனச்சு உருகி எழுதியிருக்காரு, நீங்க கைப்பிடி தேடிக்கிட்டு இருந்திருக்கீங்க!" என்று என் வீட்டுக்காரி ஆரம்பித்தாள், இன்னும் முடிக்கவில்லை. "அப்பா, அவங்க அப்பா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாராம். அதுக்கப்புறம் இவரும் போன் எடுக்கல. கல்யாணம் நின்னுடுமாப்பா?" என்று மகள் கேட்டாள். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கிற நேரத்தில் பெற்ற மகள் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? மருந்துக் கடைக்கு ஓடிப் போய், பூஜ்யத்தை நூறாக மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். "சொன்னது சொன்னதுதான் சார்" என்று மாத்திரையை நீட்டினார்.

சம்பந்தி, ஒன்றை மட்டும் மனசு விட்டுச் சொல்கிறேன். நேற்று இவள் கோபத்தில் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன், பதில் இல்லை. மறுபடி தட்டிவிட்டு நின்றேன் பாருங்கள், அந்தக் கொஞ்ச நேரத்தில் தங்கள் கதை முழுவதும் எனக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறந்து, "என்ன, செத்தா போயிட்டேன்?" என்று அவள் கத்தினபோது, இவள் வந்ததற்குக் காரணம் எதுவும் நான் கேட்கவில்லை. பயந்துதான் போயிருந்தேன். ஆகவே என் குறிப்பு முழுவதையும் வாபஸ் பெறுகிறேன், குறிப்பாகக் கைப்பிடியை. கதையில் வரும் கோபுரத்துக்குக் கைப்பிடி எதற்கு? கோபம் என்னோடு போகட்டும், பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அவர்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று பெரிய மனசு பண்ணி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் தங்கள் சம்பந்திதானா என்று தெரியாமல் தவிக்கும்,
பெண்ணைப் பெற்றவன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. பார்த்தால் கையில் காகிதச் சுருளோடு தாங்கள், பின்னால் தூக்கமில்லாத கண்களோடு மாப்பிள்ளை. "இவன் போனை நான்தான் வாங்கி வச்சுக்கிட்டேன். கதையத் திருத்தி எழுதினேன், டைப் அடிக்க இவன விட்டா வேற ஆள் இல்ல" என்றீர்கள். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். "நீங்க எழுதினதுதாங்க சரி. அவளுக்கு முழங்கால் வலி. அத மறந்துட்டு அவ்வளவு படியும் ஏற விட்டுட்டேன். ஒருத்தரும் சொல்லல, நீங்கதான் கவனிச்சீங்க. இப்பக் கதையில கைப்பிடி போட்டாச்சு. உயரம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். ஆகவே மேலே பெற்ற வாபஸையே வாபஸ் பெறுகிறேன். சம்பந்தி அம்மா எவ்வளவு உயரம் என்று கேட்டேன். எழுந்து நின்று, தோளுக்குச் சற்றுக் கீழே கையை வைத்து, "இவ்வளவு இருப்பா" என்றீர்கள். டேப் எடுக்க உள்ளே வந்த இடத்தில் இதை எழுதுகிறேன். கையை எடுத்துவிடாதீர்கள், அப்படியே நில்லுங்கள், இதோ வந்துவிட்டேன்.