திரும்பாத வண்டி

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவகோட்டைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஆண்பிள்ளை எடுக்கிற முடிவு. சத்தமாக எடுக்கவில்லை. தேனம்மை அடுத்த அறையில் இருந்தாள்.

என் பெயர் தண்டாயுதபாணி. வீட்டில் நிராயுதபாணி. காரைக்குடியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஊரார் உயிருக்கெல்லாம் பாலிசி போட்டுத் தருவேன். என் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாலிசி போட ஆளில்லை.

கல்யாணமானதிலிருந்து ஞாயிறு தவறாமல் தேனம்மையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தேவகோட்டையில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்குப் போகிறேன். பஸ்ஸில் ஏறினால் அவளுக்குக் குமட்டும். மோட்டார் சைக்கிளில் ஏறினால் எனக்குக் குமட்டும். என் குமட்டலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மாமியார் சிட்டாள் ஆச்சியின் வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். நான் போனவுடன் சன்னல்களைத் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கடைசிச் சன்னலைத் திறந்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். பிறகு முதல் சன்னலிலிருந்து சாத்திக்கொண்டு வர வேண்டும். இதை ஆச்சி என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாமியார் மாப்பிள்ளையிடம் நேரே பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. நான் எதிரிலேயே நிற்பேன். பேச்சு மகளிடம் நடக்கும்.

"தேனு, மாப்பிள்ளைக்குக் காப்பி போதுமான்னு கேளு."

"ஏங்க, காப்பி போதுமா?"

"போதும்னு சொல்லு."

"போதுமாம் ஆத்தா."

"அப்ப மாடிச் சன்னலத் தொறந்துவிடச் சொல்லு."

இது போதாதென்று கொஞ்ச நாளாகத் தேனம்மையின் புதுப் பல்லவி வேறு.

"ஆத்தா ஒத்தையா இருக்காக. நம்ம அங்குட்டே போயிருவமா? நீங்க அங்கேருந்து பஸ்ஸில ஆபீசுக்குப் போயிட்டு வாங்க."

"வீட்டோட மாப்பிள்ளையாவா? நானா?"

"வீட்டோட இருக்கக் கூச்சமா இருந்தா சன்னலோட இருங்க."

அன்றைக்குத்தான் அந்த முடிவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றால்தான் இந்தப் பேச்சும் நிற்கும். வழிதான் தெரியவில்லை. வழியைக் காட்டியவன் சோணை.

சோணை என் மெக்கானிக். அவன் பட்டறைச் சுவரில் வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படம் ஒட்டியிருந்தது. ரேஸ் மோட்டார் சைக்கிள். பின்சக்கரம் மட்டும் வண்டியோடு கோபித்துக்கொண்டதுபோல் வெகுதூரம் தள்ளி இருந்தது.

"என்னப்பா இது?"

"பின்வீலைப் பிடிச்சிருக்குல்லண்ணே, ஸ்விங் ஆர்ம், அதை வெட்டி நீளம் வச்சு ஒட்டியிருக்காக. ஆக்சிலேட்டரை முறுக்குனா முன்னால தூக்காது. சும்மா நேராப் போகும்."

"நம்ம வண்டிக்குச் செய்யலாமா?"

சோணைக்கு முகம் மலர்ந்தது. அவனுக்கு அதைச் செய்து பார்க்க ரொம்ப நாள் ஆசை. இருந்தாலும் மனச்சாட்சி உள்ளவன்.

"செய்யலாம். ஆனா சொல்றதைச் சொல்லிர்றேன். செயின் நீளமாகித் தொய்ஞ்சு தொய்ஞ்சு கழண்டுக்கிரும். ஷாக் அப்சார்பர் தாங்காது, பின்னால உக்காந்துரும். வெல்டிங் எப்பக் கைய விரிக்கும்னு எனக்கே தெரியாது. எல்லாத்துக்கும் மேல வண்டி லேசுல திரும்பாதுண்ணே. சந்துக்குள்ள விட்டா சந்துலயே கெடக்க வேண்டியதுதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாமியார் வீட்டுத் தெரு ஒரு முட்டுச்சந்து. தெரு முடிகிற இடத்தில், தெருவைப் பார்த்தபடி அந்த வீடு. வாசலில்தான் எப்போதும் வண்டியைத் திருப்புவேன்.

"வெட்டுப்பா."

"எவ்வளவுண்ணே நீளம்?"

"எங்க மாமியா வீட்டுத் தெருவுல திரும்பாத அளவு."

"அந்த அளவு என் டேப்புல இல்லையேண்ணே" என்றான். ஆனாலும் குத்துமதிப்பாக வெட்டி ஒட்டிவிட்டான். வெளிவந்த வண்டியைப் பார்த்தபோது முன்பாதி எனக்கும் பின்பாதி பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம்போல் இருந்தது.

தேனம்மை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். சுற்றி வர நேரமானது.

"என்ன, வண்டி வளந்திருக்கு?"

"பாதுகாப்பு. முன்சக்கரம் தூக்காது."

"முன்னாடி எப்பத் தூக்குச்சு?"

"தூக்கியிருந்தா என்ன செய்வே?"

"இம்புட்டு நீளத்துல சீட்டு மட்டும் அதே அளவுல இருக்கே."

"சீட்டு வேற, சக்கரம் வேற."

"அப்ப யாருக்குத்தான் லாபம்?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த வாரம் சோணை சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது. செயின் கழன்றது. பின்பக்கம் உட்கார்ந்தது. பள்ளம் வந்தால் முன்சக்கரம் ஒரு குதி குதிக்கும். அதை நான் மறந்து வேறு விஷயம் யோசிக்க ஆரம்பித்த பிறகு பின்சக்கரம் குதிக்கும். ஒருநாள் பால் வாங்கப் போய்த் திருப்ப இடம் கிடைக்காமல் நேராகவே போய், கானாடுகாத்தானில் அகலமாக ஒரு தெருவைப் பார்த்து வளைத்துக்கொண்டு வந்தேன். வீடு சேர்ந்தபோது பால் தயிராகியிருந்தது. தேனம்மை அதில் வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கானாடுகாத்தான் வரை திரும்பாத வண்டி மாமியார் வீட்டு வாசலிலா திரும்பப் போகிறது?

சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"நாளைக்குத் தேவகோட்டைக்குப் போக முடியாது தேனு. எனக்கும் வருத்தந்தான்."

"ஏன், என்ன வந்துச்சு?"

"உங்க தெரு முட்டுச்சந்து. உள்ள போனா வண்டி திரும்பாது."

"எறங்கிப் பின்னுக்குத் தள்ளிக்கிட்டு வரலாம்ல?"

இந்தக் கேள்விக்கு வியாழக்கிழமையே பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மாப்பிள்ளை வண்டியப் பின்னுக்குத் தள்ளிக்கிட்டுப் போனா தெருவே சிரிக்கும். உங்க ஆத்தாவுக்குல்ல அவமானம்?"

"அதுவுஞ் சரிதான்" என்றாள். ரசச் சோற்றில் விரலால் நேராக ஒரு கோடு இழுத்தாள். "ஆனா நேராப் போகும்ல?"

"நேராப் போறதுல அதை அடிச்சுக்க முடியாது."

தேனம்மை எழுந்து கைகழுவிவிட்டு, பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வந்தாள். வரவில்லை என்று ஆத்தாளிடம் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பாவம் என்றுகூடத் தோன்றியது. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

காலையில் கண்விழித்தபோது அவள் பட்டுப்புடவையில் நின்றாள்.

"கெளம்பலையா?"

"திரும்பாதுன்னு சொன்னேனே."

"திரும்ப வேணாம். வண்டிய எடுங்க."

எடுத்தேன். அவள் அந்தக் குரலில் சொன்னால் நான் ரயிலைக்கூட எடுப்பேன். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். "நேராப் பாத்து ஓட்டுங்க" என்றாள். மாமியார் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டு வாசற்படியில் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்வாசல் விரியத் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் நடு முற்றமும் சுற்றுத் தூண்களுமாக வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல், எல்லாம் ஒரே நேர்கோட்டில் திறந்து கிடந்தன. கடைசியில் பின்தெருவில் ஒரு பசுமாடு நிற்பது தெரிந்தது. அந்தக் காலத்துச் செட்டியார்கள் காற்றோட்டத்துக்காக இப்படிக் கட்டினார்கள் என்று நினைத்திருந்தேன். வாகனப் போக்குவரத்துக்கும் தோதுதான் என்று என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"நிறுத்தாமப் போங்க" என்றாள் பின்னாலிருந்து.

"வீட்டுக்குள்ளயா?"

"முன்வாசல்ல ஏறிப் பின்வாசல்ல எறங்கிட்டா எதுக்குத் திரும்பணும்?"

பலகையில் ஏறினேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைவாசல் நிலையைப் பார்த்து ஹாரன் அடித்தேன். வண்டிச் சத்தம் வளவுத் தூண்களில் மோதித் திரும்பி வந்தது. சத்தமாவது திரும்புகிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முற்றத்தில் இறங்கவும் ஏறவும்கூடப் பலகை போட்டிருந்தார்கள். ஏறி முடித்தால் அங்கே சிட்டாள் ஆச்சி கையில் டம்ளரோடு நின்றார். என்னைப் பார்த்தார். என்னை மட்டும் பார்த்தார்.

"மாப்பிள்ளை, செத்த நிறுத்தி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

என்னிடமே சொன்னார். நேராக. இத்தனை வருஷத்தில் முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். இப்படிப்பட்ட மனுஷியின் வீட்டுக்கு வராமலிருக்கவா சதி செய்தோம் என்று வெட்கமாக இருந்தது. என்ஜினை அணைத்து, ஸ்டாண்டைப் போட்டு, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினேன்.

முதல் வாய் உள்ளே இறங்குவதற்குள் எதிர்ப்பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஞானசம்பந்தம் வெளியே வந்தார். என் மாமனாரின் பங்காளி. அந்த வீட்டுப் பங்காளிகளில் ஊரோடு தங்கிவிட்டவர் அவர் ஒருவர்தான், தனி அடுப்பு. மற்றவர்கள் அறைகளைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களில் இருக்கிறார்கள்.

"வண்டிய வளவுல வச்சாச்சா?"

"வச்சாச்சு சித்தப்பா" என்றாள் தேனம்மை.

"ஸ்டாண்டு தரையில பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"அப்ப இது பொதுச் சாமான்."

வளவு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. முன்பு ஒருவர் வளவுத் தூண் இரண்டைப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிட்டார். அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு. வளவில் வைத்த எதுவும், எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்காமல் வெளியே போகக் கூடாது.

"மாமா, இது என் வண்டி."

"போன தீபாவளி மழைக்கு ஒரு கொடை கொண்டாந்து வளவுல வச்சீகளே, அதுவும் உங்க கொடைதான். இப்ப அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் கடைக்குப் போறேன்."

தேனம்மையைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்தாள்.

"வண்டிய விட்டுட்டு பஸ்ஸில போயிருவமா தேனு?"

"எனக்குக் குமட்டும். நீங்க வேணாப் போங்க. ஆனா நீங்க இல்லைன்னா சித்தப்பா ஓட்டிப் பாப்பாக."

ஞானசம்பந்தம் அதற்குள் சீட்டில் ஏறி முறுக்கிக்கொண்டிருந்தார். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அதிலிருந்து தேவகோட்டை வாசம். காலையில் சன்னல்களைத் திறந்துவிட்டு பஸ் பிடிப்பேன். சாயங்காலம் வந்து சாத்துவேன். சாத்தி முடித்ததும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஒவ்வொரு பங்காளியாகக் கெஞ்சுவேன். சென்னைக்காரர் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார். கோயமுத்தூர்க்காரர் முன்சக்கரம் மட்டும் தன் பங்கில் வருமா என்று விசாரித்தார். பினாங்கிலிருந்தவருக்கு அப்படி ஒரு வீடு இருப்பதே நான் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. அழாத குறையாகப் பேசி அத்தனை பேரிடமும் சரி என்று வாங்கிவிட்டேன். ஓட்டமாக வந்து ஞானசம்பந்தத்தின் முன்னால் நின்றேன்.

"எல்லாரும் சரின்னுட்டாக மாமா."

அவர் விரல்விட்டு எண்ணினார். "ஒரு ஆள் பாக்கி."

"நீங்களா?"

"நான் அன்னைக்கே சரின்னுட்டேன். திரும்பாத வண்டி எனக்கு எதுக்கு? உங்க மாமனார் பங்கு பாக்கி இருக்குல்ல?"

"அவுகதான் தவறிட்டாகளே."

"அவுக தவறுனாப் பங்கும் தவறிருமா? ஒத்தை மக பேருக்கு எழுதி வச்சிட்டுல்ல போயிருக்காக."

மெதுவாக அடுப்படிப் பக்கம் போனேன். தேனம்மை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேனு, உனக்கும் இதுல பங்கு இருக்காமே?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க பினாங்குக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டீக. எங்கிட்டக் கேக்கலையே."

"சரி, இப்பக் கேக்குறேன். நீயும் ஒரு வார்த்தை சரின்னு சொல்லிரு. வண்டிய எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்குப் போவோம். ஓம் புருசன்ல நான்?"

தேனம்மை அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தாள்.

"பொதுச் சாமான் விசயத்துல புருசன் பொண்டாட்டின்னு பாக்கக் கூடாதுங்க."