பதினாலு மரமும் ஒரு வேகத் தகடும்

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் வெறுங்கையோடு நடந்து போகிறவரைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பாவமாக இருக்கும். வேறொன்றுமில்லை, பாக்கி எல்லோர் இடுப்பிலும் ஒரு கணினிப் பெட்டி இருக்கும். பிள்ளையைத் தூக்குவது போல் ஒரு கை அடியில், ஒரு கை முதுகில். ஒருவர் தன் பெட்டிக்குக் காற்று ஆகாது என்று துண்டு போர்த்தியே கொண்டுவந்தார். வரிசை பல் மருத்துவமனை மாடிப்படியைச் சுற்றி, மருந்துக்கடையைத் தாண்டி, முடிதிருத்தகத்தின் வாசல் வரை நிற்கும். பல்வலியோடு வந்தவர்கள் இதைப் பல்லுக்கான வரிசை என்று நினைத்து நின்று, வேகம் வாங்கிக்கொண்டு போன கதையும் உண்டு.

விஷயம் இதுதான். பல் மருத்துவமனைக்குக் கீழே ஒரு பந்தயக் கூடம். நிஜக் கார் கிடையாது, பெட்ரோல் கிடையாது. ஒரு இருக்கை, கையில் ஸ்டீயரிங், காலடியில் பெடல், எதிரே திரை. திரையில் கார் ஓடும்; உட்கார்ந்திருப்பவருக்கு வேர்க்கும். திரை ஒரு விநாடிக்கு எத்தனை படம் காட்டுகிறதோ அதற்கு பிரேம் என்று பெயர். மூலையில் அந்த எண் தெரியும். எண் கூடினால் கார் வழுக்கிக்கொண்டு போகும். குறைந்தால் திக்கித் திக்கிப் போகும். தெருவில் சொந்த ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாதவர்களுக்கும் சொந்தக் கணினியின் பிரேம் எவ்வளவு என்று தெரியும்.

இந்தக் கவலைக்கு மருந்தாக வந்து சேர்ந்தவர்தான் வேக ஐயா. அதற்கு முன் பிரிண்டருக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. விரல் நுனிகள் இன்னும் நீலமாகத்தான் இருந்தன. அது வேகத்தின் நிறம் என்று பக்தர்கள் சொன்னார்கள்.

அவர் முறை சுலபம். பந்தயத்தைத் திறக்கச் சொல்வார். கார் தொடக்கக் கோட்டில் நிற்கும். மூலையில் ஐம்பத்தெட்டோ அறுபதோ காட்டும். "எல்லாரும் கண்ண மூடுங்க. சத்தமா இருபத்தொண்ணு வரைக்கும் எண்ணுங்க. நடுவுல தெறந்தா பார்வைக்கு நான் பொறுப்பில்ல." கூட்டம் எண்ணும். ஐயா பெட்டியின் மேல் ஒரு செப்புத் தகட்டை ஒட்டுவார். கண்ணைத் திறந்தால் எண் நூற்றிருபதைத் தாண்டியிருக்கும். ஆஹா! ஓஹோ! பெட்டிக்கு முத்தம்!

கட்டணம் என்று ஐயா கேட்டதே இல்லை. உத்தமர். பழைய தோல்விகள் படிந்த உறுப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்வார். ஒருவருக்கு ஹெட்ஃபோனில் தோல்வி படிந்திருந்தது, ஒருவருக்கு மெமரி அட்டையில். வேடிக்கை என்னவென்றால் தோல்வி எப்போதும் விலை உயர்ந்த பாகத்தில்தான் போய்ப் படியும். பத்து வருஷத்துப் பழைய மவுஸில் ஒரு தோல்விகூடப் படிந்ததாக நான் கேள்விப்படவில்லை. எல்லாம் அவருடைய கறுப்புப் பைக்குள் போகும். ஓடுகிற ஆற்றில் விட்டுவிடுவாராம்.

இதற்கிடையில் வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? முடிவெட்டும் அண்ணனும் மருந்துக்கடைக்காரரும் இருந்தார்கள்.

"உலகச் சாம்பியன் ஜெயிக்கிறது காரால. அந்தக் காரை என்கிட்ட குடுத்தா நானும் ஜெயிப்பேன்" என்பார் அண்ணன்.

"நீ ஸ்கூட்டரையே காலை ஊணித்தான்யா நிறுத்துற! ஓட்டுறவன் கையிலதான் எல்லாம் இருக்கு."

ஐயா தீர்ப்புச் சொன்னார்: "காரும் இல்ல, ஆளும் இல்ல. நடுவுல வண்டிய நிறுத்தி ரெண்டு விநாடியில டயர் மாத்துறாங்களே, யாராவது ரெண்டு விநாடியில டயர் மாத்த முடியுமா? அது டயரே இல்ல. தகடு மாத்துறாங்க."

தெருவே வாயைப் பிளந்தது. டிவியில் இருபது பேர் சக்கரத்தோடு ஓடுவதை வாராவாரம் பார்க்கிறவர்கள்தான் பிளந்தார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். சலவைக்கடை அக்காவின் தம்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பகலெல்லாம் முப்பதில் லாரி, மாலையில் முந்நூறில் திரைக் கார். இரண்டு வருஷம் மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கி ஒரு ஸ்டீயரிங் செட் வாங்கியிருந்தான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை தகுதிப் போட்டி. முதல் மூன்று இடத்தில் வந்தால் ஒரு நிஜப் பந்தய அணி நிஜக் காரில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லும். அவன் ஆயுசிலேயே லாரிக்கு வெளியே தெரிந்த ஒரே கதவு அது.

அவனிடம்தான் ஐயா சொல்லியிருந்தார்: "உன் தோல்வியெல்லாம் அந்த ஸ்டீயரிங்ல ஏறி உக்காந்திருக்கு. அத என்கிட்ட விட்டுடு, பெருந்தகடு தர்றேன். போட்டிய கீபோர்டுல ஓட்டு."

பையன் தலையாட்டிவிட்டான். நீச்சல் போட்டிக்குக் கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னாலும் ஆட்டியிருப்பான்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது சனிக்கிழமை காலையில். கடைக் கதவை இழுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். பந்தயம் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒன்றே ஒன்று தெரியும்: எண்ணுவது. சட்டை ஏழு, துண்டு நாலு, தலையணை உறை ஆறு என்று பதினெட்டு வருஷம் எண்ணிய கண். எதைப் பார்த்தாலும் உதடு தானாக அசையும்.

தம்பியின் பெட்டி மேசைமேல் இருந்தது. ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். திரையில் கார் தொடக்கக் கோட்டில். எண் ஐம்பத்தெட்டு. அக்காவின் உதடு அசைந்தது. பிறகு எல்லோரும் கண்ணை மூடினார்கள், அவளும் மூடினாள். இருபத்தொன்று. திறந்தார்கள். நூற்றிருபத்துமூன்று!

கைதட்டல் அடங்கியதும் அக்கா கேட்டாள்: "ஐயா, மரம் எங்க?"

"எந்த மரம்மா?"

"அந்த வளைவுல பதினாலு மரம் இருந்துச்சு. இப்ப மூணுதான் இருக்கு. மேல உக்காந்து பாத்துட்டிருந்த ஜனத்தையும் காணோம். சிவப்புச் சட்டையே ஒன்பது இருந்துச்சு."

ஐயா கருணையோடு சிரித்தார். "வேகம் கூடிடுச்சும்மா. மரமெல்லாம் பின்னாடி போயிடுச்சு."

"வண்டி நின்னுட்டுல்ல இருக்கு?"

ஐயா தகட்டைத் தடவிக் கொடுத்தார்.

"நம்பிக்கை இல்லாதவங்க இருந்தா தகடு கோவிச்சுக்கும்" என்றார் ஐயா.

"அப்ப நான் வெளிய போயிடறேன். எல்லாரும் மறுபடி கண்ண மூடட்டும். நீங்க மட்டும் ரெண்டு கையையும் தலைமேல வச்சுக்குங்க. தகட்ட என் தம்பி ஒட்டட்டும். சக்தி தகட்டுலதான இருக்கு? உங்க கையில இல்லையே?"

ஐயா மறுக்கப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "நியாயம்தானே? என் பெட்டியில ஒட்டிப் பாருங்க. அடுத்த ஆள் நான்தான்."

அவர் பெட்டியை வைத்தார்கள். எண் அறுபத்தொன்று. அக்கா வாசலுக்குப் போய்விட்டாள். ஐயா கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, போலீஸில் சிக்கியவர் மாதிரி நின்றார். தம்பி தகட்டை ஒட்டினான். இருபத்தொன்று எண்ணினார்கள். அறுபத்தொன்று. இன்னொரு இருபத்தொன்று. அறுபது! தகடு ஒன்றைக் குறைத்துவிட்டது.

தம்பிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தன் பெட்டிக்கு ஓடினான். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். மரங்கள்: குறைவு. நிழல்: இல்லை. பார்வையாளர்: இல்லை.

"எல்லாத்தையும் 'அதிகம்'லதான வச்சிருந்தேன்! யாரு மாத்தினது?"

தகடு இருக்கும்போதே எல்லாவற்றையும் 'அதிகம்' ஆக்கினான். பதினாலு மரம் வந்தது, சிவப்புச் சட்டைகள் வந்தன, எண் ஐம்பத்தெட்டுக்கு விழுந்தது. தகட்டைப் பிய்த்துவிட்டு 'குறைவு' ஆக்கினான். நூற்றிருபத்துமூன்று. வரைய வேண்டியது குறைந்தால் கணினி வேகமாக வரையும். இருபத்தொன்று எண்ணுகிற நேரத்தில் நீல விரல் செய்த வேலை அவ்வளவுதான்.

அக்கா உள்ளே வந்து, இடுப்பில் செருகியிருந்த துணிச்சீட்டு ஒன்றை எடுத்துத் தகடு இருந்த இடத்தில் ஒட்டினாள். முந்நூற்றுப் பதினேழாம் நம்பர், வேட்டி ஒன்று, போர்வை இரண்டு. எண் அப்படியே நூற்றிருபத்துமூன்றில் நின்றது.

யாரோ கறுப்புப் பையைக் கவிழ்த்தார்கள். ஆற்றுக்குப் போக வேண்டிய தோல்விகள் எல்லாம் சீட்டு ஒட்டி விற்பனைக்குத் தயாராக இருந்தன. இன்னும் கைக்கு வராத பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதியாகியிருந்தது: "ஸ்டீயரிங், பெடலுடன். அதிகம் அடிபடாதது." தம்பி அதைப் படித்துவிட்டு ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஐயா பின்கதவு வழியாகப் போனார். தகடு ஒன்றும் ஒட்டிக்கொள்ளாமலேயே நல்ல வேகம்.

இதோடு தெரு திருந்தியது என்று நினைத்தால் உங்களைப் போல் வெள்ளந்தி யாரும் இல்லை. பெட்டிக்குத் துண்டு போர்த்தியவர் அக்காவின் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்: "அக்கா, அந்த முந்நூத்திப் பதினேழாம் நம்பர் சீட்டு... எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

"கிடைக்கும். ரெண்டு போர்வை கொண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் ஸ்டீயரிங்கோடு ஓட்டினான். ஏழாவதாக வந்தான். நிஜக் கார் இந்த வருஷம் இல்லை.

திங்கட்கிழமை முடிவெட்ட உட்கார்ந்தவனிடம் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன இருந்தாலும், பெருந்தகடு வாங்கியிருந்தா..."

"மூணாவது வளைவுல லேட்டா பிரேக் புடிச்சேண்ணே. ரெண்டு தடவ. நேத்து ராத்திரியே ஓட்டிப் பாத்துச் சரி பண்ணிட்டேன். தகடு வாங்கியிருந்தா, ஏன் தோத்தேன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அண்ணன் கத்தரியை நிறுத்தினார். இத்தனை வருஷமாகத் தலைக்கு வெளியே மட்டுமே வேலை பார்த்தவர், முதல் முறையாக உள்ளேயும் ஏதோ இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது. நீங்களும் உங்களுடையதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். சும்மாதானே கிடக்கிறது.