விரிப்பின் நான்கு முனைகள்

மார்ச் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. குறை யாதெனில், காலை ஒன்பது மணிக்கு விரித்த படுக்கை விரிப்பு ஒன்பதரை ஆகியும் மடிக்கப்படவில்லை.

விரிப்பை மடிக்க இருவர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பற்றி, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். அந்தச் சலவைக்கூடத்தில் இருவரும் இருந்தனர், விரிப்பும் இருந்தது, நடைதான் இல்லை. ஒரு பக்கம் வெளுப்புப் பிரிவின் தலைவி, அவ்வூரிலேயே பிறந்தவர். மறுபக்கம் இஸ்திரிப் பிரிவின் தலைவர், எட்டாண்டுகளுக்கு முன் எல்லை தாண்டி வந்து குடியேறியவர்.

"அவரு வரட்டும்," என்றார் தலைவி.

"அந்தம்மா வரட்டும்," என்றார் இஸ்திரிக்காரர்.

மேற்பார்வையாளர் அங்கு வந்து பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன. வேலையோ தற்காலிகம். வெள்ளிக்கிழமை இயக்குநர் வருவார். "உள்ளூராரும் குடியேறியோரும் எந்த அளவு ஒன்றுகலந்துள்ளனர்?" என்று கேட்கும் படிவத்தைப் பார்ப்பார். விடை நன்றாயிருந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிடில் மேற்பார்வையாளர் தம் வீட்டு விரிப்பைத்தான் மடிக்க வேண்டியிருக்கும்.

இருவரையும் தனித்தனியே விசாரித்தார். வந்தவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்றார் தலைவி. வாசலில் நிற்பவனை உட்காரச் சொல்ல இவர்களுக்கு வாய் வருவதில்லை என்றார் இஸ்திரிக்காரர். பயிற்சி வகுப்பில் படித்தது அப்படியே எதிரில் நின்றது. 'குடியேற்றத்தால் விளைந்த அச்சம்' என்று குறித்துக்கொண்டபோது மேற்பார்வையாளருக்கு உள்ளம் குளிர்ந்தது.

உடனே சுண்ணக்கட்டியால் தரையில் நடுக்கோடு கிழித்தார். இருவரும் ஆறாறு அடி நடந்து கோட்டில் சந்திக்க வேண்டும் என்பது ஆணை. ஆறாவது அடியில் இஸ்திரிக்காரர் கோட்டைத் தாண்டியிருந்தார். தலைவி கோட்டை எட்டவேயில்லை.

"பாத்துக்கங்க, நான்தான் அதிகம் எறங்கி வந்திருக்கேன்."

"யாரு வரச் சொன்னா?"

தமது கால் நீளத்துக்கு அவர் உரிமை கொண்டாடுகிறார் என்றார் தலைவி. மேற்பார்வையாளர் நாடா கொண்டு அளக்கப் போக, வெளுப்புப் பிரிவு முழுவதும் அந்தப் பக்கமும் இஸ்திரிப் பிரிவு முழுவதும் இந்தப் பக்கமும் விரிப்பைப் பற்றிக்கொண்டன. அது நெடுக்காகக் கிழிந்தது.

மூலையில் கிழிசல் தைக்கும் அம்மாள் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். "ஐயா, ஒரு வார்த்தை..."

"அப்புறம்மா."

புதனன்று அவருக்கு இன்னும் பெரிய யோசனை பிறந்தது. ஒவ்வொரு விரிப்புக்கும் ஓர் உள்ளூரார், ஒரு குடியேறியவர். நண்பகலில் பதினெட்டு விரிப்புகள் அந்தரத்தில் தொங்கின. முப்பத்தாறு பேரும் எதிராளி வருவதற்காகக் காத்திருந்தனர். விருந்தினர்கள் வெறும் மெத்தையில் படுத்திருப்பதாக, விரிப்புகளை வெளுக்கக் கொடுத்திருந்த விடுதியிலிருந்து தொலைபேசி வந்தது. தையற்கார அம்மாள் மறுபடி வாயெடுத்தார், மறுபடியும் அப்புறம்.

வியாழனன்று, எதிர்த்தரப்பிடம் உள்ள நற்குணங்களை எழுதித் தருமாறு தாள் கொடுத்தார். 'ஒன்றுமில்லை' என்று எழுதினார் இஸ்திரிக்காரர். அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தலைவி தம் தாளில் 'மேற்படி' என்று எழுதினார். ஒரே கருத்தில் இருவரும் ஒத்துப்போனதே முன்னேற்றம் என்று மேற்பார்வையாளர் அன்று மட்டும் நிம்மதியாக உண்டார்.

வெள்ளியன்று இயக்குநர் வந்தார். கிழிசல் குவியலுக்குப் பின்னால் தையற்கார அம்மாளின் கொண்டை மட்டுமே தெரிந்தது. படிவத்தில் 'சிறிதும் இல்லை' என்று மேற்பார்வையாளர் நேர்மையாக எழுதியிருந்தார். இயக்குநர் அதைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

மேற்பார்வையாளர் கூடத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கக் கூடாதா?"

முப்பத்தாறு பேரும் ஒருசேரச் சிரித்தார்கள். குவியலுக்குப் பின்னாலிருந்து தையற்கார அம்மாள் எழுந்தார்.

"அதைத்தாங்க நாலு நாளா சொல்ல வர்றேன். போன மாசம் இவரு பையனுக்கும் அந்தம்மா பொண்ணுக்கும் கல்யாணமாகி, யாரு வீட்டுக்கு யாரு முதல்ல வர்றதுன்னு சம்பந்திச் சண்டை ஆரம்பிச்ச நாளிலிருந்துதான் இந்தக் கூத்து. அதுவரைக்கும் ரெண்டு பேரும் நல்லாத்தான் மடிச்சாங்க."

இயக்குநரின் பேனா இன்னும் தாளைத் தொடவில்லை. வாசகரே, சிவப்பு மையை எடுங்கள். 'சிறிதும் இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'அளவுக்கு மீறி' என்று திருத்தி எழுதுங்கள்.