நட்புக்கு சர்வே நம்பர் போட்ட செயின் சார்

எல்லை இல்லாத பொருள் எதையும் ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை என்று திடமாக நம்பியவர் எங்கள் செயின் சார். வானத்தைக் காட்டினால்கூட, "அதுக்கு வடக்கால என்னா இருக்குது?" என்று கேட்கக்கூடியவர்.

சர்வே வேலையில் சங்கிலி பிடித்து ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. விவரம் தெரியாத வெளியூர்ப் பெண்கள், "செயின் சார் வர்றாரு" என்று யாராவது சொன்னால் கழுத்தைப் பொத்திக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் நான் விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், ஒரு பீங்கான் பொம்மைக் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மகனிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தார் சார். பக்கத்து சீட்டில் செராமிக் படிக்கும் மாணவன் ஒருவன் கம்ப்யூட்டருக்குள் மூழ்கிக் கிடந்தான்.

"இது என்னா தம்பி?"

"நம்ம ஊரு கம்யூனிட்டி சார். முந்நூறு பேரு இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

"இங்கதான் சார், நெட்டுல."

"வரைபடம் இருக்குதா?"

"இல்லியே சார்."

சார் எழுந்தே விட்டார். முந்நூறு பேர் குடியிருக்கும் ஊருக்கு வரைபடம் இல்லையா!

மறுநாளே பேப்பர் சுருளும் அடிக்கோலுமாக வந்து உட்கார்ந்தார். தினமும் பேசிக்கொள்கிறவர்களுக்கு அடுத்தடுத்த மனை. எப்போதாவது பேசுகிறவர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. சண்டைக்காரர்களுக்கு முள்வேலி. யார் எது எழுதினாலும் "சூப்பர்" போடுகிறவர் பொதுக்கிணறு. சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காதவர் புறம்போக்கு.

படத்தை என் சுவரில் ஒட்டினார்; சேதி கம்யூனிட்டி முழுக்கப் பரவியது. வந்தது வினை. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் பஸ் பிடித்து வந்து நின்றார்.

"என்னை ஏன் சார் புறம்போக்குல போட்டீங்க?"

"ஏழு மாசமா யாரோடயும் பேசலியே தம்பி."

"எனக்கு டைப்படிக்க வராது சார்!"

"கத்துக்குங்க. பட்டா தரேன்."

அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்து, ஒற்றை விரலால் இருபது பேருக்கு வணக்கம் தட்டிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார்.

அந்த மழைக்காலத்தில்தான் என் தலையில் இடி விழுந்தது. குழுவில் புதிதாக மூன்று பேர் சேர்ந்து என் சென்டரைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். திரை போட்ட கேபினில் தப்பு நடக்கிறதாம். பெண்பிள்ளைகளை நான் திருட்டுத்தனமாகப் போட்டோ எடுக்கிறேனாம். என்னிடம் திரையும் கிடையாது, கேமராவும் கிடையாது. ஆனாலும் ஒரே வாரத்தில் பெண்கள் வருவது நின்றது. இடத்துக்குச் சொந்தக்காரரான பொம்மைக் கடை அண்ணன் மாடியேறி வந்தார்.

"நீ அப்படிப்பட்ட பொண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா கீழ கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா."

அவர் இறங்கிப் போனதும் அழுதுவிட்டேன். என் அழுகை ஓயும்வரை சார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மூணு பேருக்கும் எல்லை பாத்துடலாம். பாக்காம எழுந்திரிக்க மாட்டேன்" என்றார்.

எழுந்திருக்கவில்லை. நாலு நாள் மத்தியானச் சாப்பாடுகூட அந்த நாற்காலியில்தான். மூவரும் யாருக்கு எழுதினார்கள், யார் பதில் போட்டார்கள், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று எல்லாவற்றையும் குறித்தார். ஐந்தாம் நாள் படத்தை விரித்தார்.

"இங்க பாரும்மா. மூணு சர்வே நம்பரு. மூணுக்கும் வடக்கால அதே ஆளு. தெக்கால அதே ஆளு. கிழக்க, மேக்க அதே ஆளுங்க. நாலு எல்லையும் ஒண்ணா இருந்தா அது மூணு நெலமா?"

"ஒரே நிலம் சார்."

"ஒரே ஆளு. சுத்தி இருக்கிற நாலு பேரையும் சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில விசாரிச்சிட்டேன். எல்லாரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவுல இருக்குற பிரவுசிங் சென்டருல உக்காருறவங்க. போன புதன், வியாழன் அந்தத் தெருவுல டிரான்ஸ்பார்மர் வெடிச்சு கரண்ட்டு இல்ல. அந்த ரெண்டு நாளும் மூணு பேருல ஒருத்தன்கூட எழுதல. உன் கடை மூடுனா யாருக்கும்மா லாபம்?"

அந்த சென்டர்க்காரர்தான் முதல் ஆளாக என்னைத் தேடி வந்து, "கவலப்படாத தங்கச்சி" என்று ஆறுதல் சொன்னவர்.

"விட்டுடலாம் சார், எதுக்கு வம்பு?"

"அளந்துட்டு கல்லு நடாம வரக் கூடாதும்மா. கிளம்பு."

கீழே இறங்கி, பொம்மைக் கடை அண்ணனையும் கையோடு கூட்டிக்கொண்டார். மூவரும் போனோம். சென்டர்க்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கோடு போட்ட பேப்பரு. இதெல்லாம் ஒரு ஆதாரமா சார்?"

சாருக்குக் கோபமே வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சந்தேகம்னா திரும்ப அளந்துடலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, அந்த மூவர் எழுதிய ஒவ்வொன்றையும் கிழமை, நேரத்தோடு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். வயல் நடுவில் நின்று அளவு கூவிய தொண்டை அது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மூன்றாவதைப் படிக்கும்போது, மூலை சீட்டிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"அண்ணே, இந்த மூணு பேரையும் என் பிரண்ட்ஸ் லிஸ்ட்டுல சேத்துவுட்டது நீங்கதான?"

சென்டர்க்காரர் முகம் செத்துவிட்டது. "அழிச்சுடறேன் சார்" என்றார்.

"அழிக்கக் கூடாது. மொதல்ல, நான்தான் எழுதுனேன், அத்தனையும் பொய்யின்னு எழுது. எல்லாரும் படிக்கட்டும். அப்புறம் அழி."

எழுதினார். 'மண்ணிப்பு' என்று அடித்திருந்தார். சார் அதையும் திருத்த வைத்துவிட்டுத்தான் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது. பொம்மைக் கடை அண்ணன் ஒரு பீங்கான் யானையை மாடிக்குக் கொடுத்தனுப்பினார். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அந்த ஆளைப் படத்தில் என்ன செய்தீர்கள் என்று சாரிடம் கேட்டேன்.

"முள்வேலி போட்டாச்சு. ஒரு ஓரமா கேட்டுக் கதவும் வச்சிருக்கேன். நாளைக்கே ஒழுங்கா வந்தான்னா?"

சில வருஷங்களில் எல்லார் கையிலும் போன் வந்தது, சென்டரை மூடினேன். கம்ப்யூட்டர்களை ஏற்றி அனுப்பிய பிறகு, விஷயம் தெரிந்தும் தெரியாததுபோல சார் படியேறி வந்தார். வெறும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அன்று அவர் பென்சிலே கொண்டுவரவில்லை. டீ வந்தது, பேசாமல் குடித்தோம். இன்னொரு டீயும் ஆயிற்று.

"சரிம்மா, போயிட்டு வரேன்" என்று எழுந்தார்.

எனக்கு டீ அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் படியோரம் போய், கீழே டீக்கடையைப் பார்த்து, இன்னும் ரெண்டு டீ சொன்னேன்.