பனிமலைக்குப் போய்வந்த கூழைக்கடா

வடசென்னையில் பாதிப் பேரைப் பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தவர் பேக்ரவுண்டு.

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். போட்டோ கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மண்டபத்துச் சுவரோரம் வேர்த்து வழிய நிற்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அப்படியே கத்தரித்து, சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் நட்டுவிடுவார். அதனால் வந்த பெயர்தான் பேக்ரவுண்டு. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கடை போர்டிலும் கிடையாது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். நாலு இடம் மாறி, அவரிடம் ஆல்பம் ஒட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை வந்தால் கடைக்குள் தண்ணீர் ஏறுமோ என்று பயம். வராவிட்டால், எங்கே மொத்தமாகச் சேர்த்து வைத்திருக்கிறதோ என்று பயம்.

அவரும் என் பயத்துக்குத் தீனி குறையாமல் பார்த்துக்கொண்டார். ஒரு லாரி டிரைவரை நயாகராவுக்கு முன்னால் நிறுத்திப் படம் கொடுத்தார். மறுநாள் அவர் மனைவி கடை வாசலில் நின்றார்.

"லோடு ஏத்திகினு விஜயவாடா போறேன்னுதானே சொன்னாரு! என்னை வுட்டுட்டு எவளோட போனாரு இந்த அருவிக்கு? சொல்லு நைனா!"

நான் கவுண்டருக்கு அடியில் போய்விட்டேன். பேக்ரவுண்டு பதறவில்லை. அந்த அம்மாளையும் ஒரு படம் எடுத்து, அதே அருவியில் கணவர் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்தார். குடும்பம் ஒன்றானது.

ஞாயிற்றுக்கிழமையானால் மனிதர்களை மறந்துவிடுவார். டிஜிட்டல் கேமராவை டிபன் பைக்குள் ஒளித்துக்கொண்டு எண்ணூர் ஆற்றோரம் போய், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த சேற்றில் குப்புறப் படுத்துப் பறவைகளைப் படமெடுப்பார். ஒருமுறை திரும்பி வரும்போது பஸ் கண்டக்டர், "யாருதுபா இந்த சிமெண்ட் மூட்டை? லக்கேஜ் டிக்கெட் எடு" என்று கேட்டாராம்.

எடுத்த பறவையை ஊரில் விட்டாலாவது பரவாயில்லை. கொக்கை ஊட்டிக்கு அனுப்புவார். காக்கா காஷ்மீரில் உட்கார்ந்திருக்கும்.

"அண்ணே, பறவைய மட்டுமாச்சும் இங்கயே வுடக்கூடாதா?"

"போ மாமு. எவ்ளோ தூரம் பறந்து வந்து கீது! அதுக்குப் பின்னாடி புகைக்கூண்டைக் காட்டுனா மரியாதையா கீதா? வூட்டுக்கு வந்த விருந்தாளிய கலீஜ் பண்ற வேலை அது."

இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. மாற்றிய படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேவ் செய்துவிடுவார். கேமராவில் இருப்பதையும் அன்றே அழித்துவிடுவார். "பழச வெச்சிகினு இருந்தா புதுசு மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்" என்பார்.

அவருடைய பறவைப் படங்களை யாரும் வாங்கியதில்லை. அப்படி இருக்கையில்தான் எண்ணூர்க் குப்பத்து மீன்காரப் பெண்கள் சங்கத்திலிருந்து தனபாக்கியம் அக்கா வந்தார். புது வருஷக் காலண்டருக்கு அவர்கள் ஊர் ஆற்றுக்கு வரும் கூழைக்கடாப் பறவையின் படம் வேண்டுமாம்.

"கீழ படம் எடுத்தவரு பேரு போடுவீங்களா?" என்று கேட்டார் பேக்ரவுண்டு. குரலே வேறு மாதிரி இருந்தது.

"போட்டுட்டா போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அருமையான கூழைக்கடா ஒன்று கிடைத்தது. லேசாக நெளியும் தண்ணீரில் மிதந்தது. பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள். மறுநாள் மதியத்துக்குள் அவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் பனிமலையை நிறுத்திவிட்டார். நான் மானிட்டருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"அண்ணே, மேலதான் பனிமலை. தண்ணியில புகைக்கூண்டு தலைகீழா தெரியுதே!"

"தண்ணிய எவன் பாப்பான்? பட்சியத்தான் பாப்பான்."

தண்ணீரில் பிழைப்பவர்கள் எந்தப் படத்திலும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா வந்தார், பார்த்தார், கூடையை இறக்கி வைத்தார்.

"இன்னா நைனா இது? தண்ணி எங்களுது. மலை யாருது? பனியில நின்னா பட்சிக்கு சளி புடிச்சிக்காது?"

"அழகா கீதுன்னு போட்டேன்க்கா..."

"எங்க ஊரு அழகா இல்லன்னு நாங்க உன்கிட்ட வந்து அழுதோமா? அந்தப் புகைக்கூண்டைப் பாத்துதான் எங்க ஆம்பளைங்க கடல்லேர்ந்து வூட்டுக்கு வழி கண்டுபுடிக்கிறாங்க. சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போவணும். அதுக்குள்ள எங்க ஊரைக் கொண்டா. இல்லன்னா ரெண்டு ரோசாப்பூவைப் போட்டுக்கிறோம்."

அக்கா போய்விட்டார். பழைய படம் இல்லை. மறுபடி போய் எடுக்க நேரமில்லை. பேக்ரவுண்டின் பெயர் அச்சில் வரும் ஒரே வாய்ப்பு இரண்டு ரோஜாப்பூவிடம் தோற்றுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவரோ நாற்காலியில் மண்டி போட்டு, தலையைத் தொங்கவிட்டு, மானிட்டரைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒருவர் அந்தக் கோலத்தைக் கண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

திடீரென்று பேக்ரவுண்டு தலைகீழாகவே கத்தினார்: "மாமு! ஊரு தண்ணிக்குள்ள பத்திரமா கீதுடா!"

தண்ணீரில் தெரிந்த நிழலை வெட்டினார், கவிழ்த்தார், மலையைத் தள்ளிவிட்டு மேலே நிறுத்தினார். புகைக்கூண்டுகள் வந்துவிட்டன. ஆனால் தண்ணீருக்குள் இருந்து வந்தவை அல்லவா? இடுப்பை வளைத்துக்கொண்டு நின்றன. "அக்கா கண்டுபிடிச்சிடுவாங்கண்ணே" என்றேன். அவர் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்தார்.

சாயங்காலம் திரும்பி வந்த அக்கா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"படகுல உக்காந்துகினு பாத்தா இப்டித்தான் ஆடிக்கினே தெரியும். இதான் எங்க ஊரு" என்றார். பிறகு, "பேரு இன்னா போடணும்?" என்று கேட்டார்.

பேக்ரவுண்டு வாயைத் திறந்தார். மூடினார். சொந்தப் பெயரை அவரே யோசிக்க வேண்டியிருந்தது போலும். அதற்குள் அக்கா, "பேக்ரவுண்டுன்னே போட்டுக்கிறேன். வேற பேரு போட்டா யாருக்குத் தெரியும்?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.

அந்தப் பொங்கலுக்குக் குப்பத்து வீடுகளிலெல்லாம் கூழைக்கடா தொங்கியது. கீழே, 'படம்: பேக்ரவுண்டு'. ஒவ்வொரு வாசலிலும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு மனிதர்களை மட்டும்தான் வெளிநாட்டுக்கு அனுப்பினார்.

அந்தக் காலண்டரில் தேதியெல்லாம் கிழிந்து எத்தனையோ வருஷமாகிறது. படம் மட்டும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தினமும் காலையில் வளைந்த அந்தப் புகைக்கூண்டுகளைப் பார்ப்பேன். விழுந்துவிடுமோ என்ற பயம் மட்டும் எனக்கு இதுவரை வந்ததில்லை. நிறுத்தி வைத்தவர் அவரல்லவா?