ஏழாங்கட்டைக் காது

மலேசியாவில் எந்தத் தமிழரையும் ஒரு காப்பி ஆறுவதற்குள் தன் சொந்தக்காரராக்கிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தோட்டம் அண்ணன்தான். மாசாய்க்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நம்மவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவதொரு தோட்டம் இருக்கும். சொத்தாக அல்ல, தாத்தா ரப்பருக்குப் பால்மரம் வெட்டிய இடமாக. அதை வைத்துத்தான் அண்ணன் தூண்டில் போடுவார். "நீங்க எந்தத் தோட்டம்?" அடுத்து, அங்கே கணக்கெழுதும் கிராணி யார். அதற்கடுத்து, அம்மா எங்கேயிருந்து வாக்கப்பட்டு வந்தாங்க. அவ்வளவுதான், எதிராளி மச்சானாகவோ மருமகனாகவோ ஆகியிருப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் இடுக்கி இருக்கும்போதே டாக்டரம்மாவிடம் "எங்ங ஓட்டம்?" என்று கேட்டவர் அவர். சிவப்பு விளக்கைத் தாண்டி மோட்டார் சைக்கிளோடு மாட்டியபோது போலீஸ்காரர் சம்மன் எழுதத்தான் எழுதினார். ஆனால் நீட்டும்போது, "கோவிச்சுக்காதீங்க மாமா" என்றார்.

இப்பேர்ப்பட்டவரை மலைக்குக் கூட்டிப் போனேன் என்று நான் சொல்லக்கூடாது. வந்தார்.

எனக்கு நாற்பது வயதில் ஒரு கிறுக்கு பிடித்தது. முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பையன் மலையுச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிற வீடியோவைப் பார்த்துவிட்டேன். நானும் யாருக்கும் தெரியாத ஊருக்கு, யாரையும் தெரியாத ஆளாக, ரயிலிலும் பஸ்ஸிலும் போய் நிற்க வேண்டும். உடனே பெரிய முதுகுப்பை ஒன்று வாங்கினேன். அதில் எதற்கென்றே தெரியாத வார்கள் ஏராளம். ஒன்றை இழுத்தால் பை இறுகும். இன்னொன்றை இழுத்தால் நான் இறுகினேன். தலையணை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பதால் அதையும் உள்ளே திணித்தேன்.

"மூணு நாளைக்கா இவ்ளோ பெரிய பை? திரும்பி வர மாதிரி எண்ணம் இருக்கா?" என்றாள் மனைவி.

லீவு விஷயமாக அண்ணனிடம் வாய் தவறிச் சொன்னதுதான் தப்பு. "தனியாவா? அலமாக்! உனக்கென்ன தலையெழுத்து? நான் வரேன் லா" என்றார். சொன்னபடியே, வழியில் தன் சொந்த ஊரான குளுவாங் ஸ்டேஷனில் நின்றார். "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே என் பையிலிருந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார்.

கெமாஸில் இறங்கிக் காட்டு ரயிலுக்கு மாறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து மௌனமாகக் காட்டைப் பார்ப்பதாக என் திட்டம். எதிரே ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரயோஜனமில்லை.

"எந்தத் தோட்டம்மா?"

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா அண்ணனுக்கு ஒன்றுவிட்ட அத்தை மகளானார். எனக்கும் ஏதோ முறை வந்துவிட்டது. அந்த உரிமையில், "பெண்டாட்டி புள்ளைய விட்டுட்டு மலையில என்னப்பா வேல?" என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினார். குவா மூசாங்கில் ஒரு மலிவு விடுதியில், முன்பின் தெரியாத பயணிகளோடு தங்குவதாக இருந்தேன். தங்கியது அந்த அம்மாவின் தம்பி வீட்டில். நட்சத்திரம் பார்க்க வேண்டிய நேரத்தில் அந்தத் தம்பியின் கல்யாண ஆல்பம் பார்த்தேன், இரண்டு தொகுதி.

மறுநாள் மலை பஸ் லோஜிங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு முச்சந்தியில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து மேலே உள்ள தங்குமிடத்துக்கு அவர்களே வண்டி அனுப்புவதாகப் பேச்சு. மழை கொட்டியது. வண்டி வரவில்லை. ஃபோனில் லைன் இல்லை. அடுத்த நாள் காலையிலேயே நான் கீழே இறங்கியாக வேண்டும், அதற்கு மறுநாள் வேலை இருக்கிறது. அன்று மாலைக்குள் மேலே போகாவிட்டால் நான் பார்த்த ஒரே உச்சி அந்த பஸ் நிழற்குடையின் கூரைதான்.

அப்போது ஒரு காய்கறி லோரி வந்து நின்றது. ஓட்டியவன் முப்பது வயதுக்குள் இருக்கும் நம் ஆள்.

"கம்பெனி லோரிண்ணே. வெளி ஆள ஏத்தக்கூடாது. சொந்தக்காரங்கன்னா மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றான்.

வழியெல்லாம் எந்தக் கேள்வியைச் சபித்தேனோ, அதைக் கேட்கச் சொல்லி அண்ணனின் விலாவில் இடித்தேன்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

"தோட்டமெல்லாம் இல்லண்ணே."

"சரி, அப்பா?"

"தெரியாது."

"அம்மா பக்கம்?"

"அதுவும் தெரியாதுண்ணே. ஈப்போ பக்கம் ஒரு இல்லத்துல வளந்தேன். எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. பழகிருச்சு." சிரித்தான். ஆனால் கண் ரோட்டுக்குப் போய்விட்டது, கை கியருக்கு.

அண்ணனுக்குக் கேள்வி தீர்ந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு மலை மறந்துவிட்டது. இவன் இப்படியே போய்விடக்கூடாதே என்றிருந்தது. அண்ணன் லோரிப் படியில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கொஞ்சம் திரும்பு. அந்தப் பக்கம். டேய், இது ஏழாங்கட்டைக் காது லா!"

"என்னண்ணே?"

"குளுவாங்ல ஏழாவது மைல்ல ஏழாங்கட்டைத் தோட்டம், எங்க தோட்டம். எங்க லயத்து வீடுங்கள்ல பாதிப் பேருக்கு இதே காது. மேல மடிஞ்சு, கீழ ஒட்டி. நீ அண்ணேன்னு கூப்பிடக்கூடாது, சித்தப்பா முறை!"

அண்ணனின் காதைப் பார்த்தேன். மடிப்பும் இல்லை, ஒட்டலும் இல்லை.

"சும்மா சொல்லாதீங்க" என்றான். ஆனாலும் கண்ணாடியைத் திருப்பித் தன் காதை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு கதவைத் திறந்தான். "ஏறுங்க சித்தப்பா."

மடியில் முதுகுப்பையோடு கதவோரம் நான் நசுங்கினேன். ஜன்னலில் மலை தெரியவில்லை, என் தலையணைதான் தெரிந்தது. அண்ணன் அவனுக்கு வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு எதிர் லயம், கடைசி வீடு, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். ஒரு வளைவில் லைன் கிடைத்ததும் குளுவாங்கிலிருக்கும் தன் தம்பிக்கு அடித்து, "நம்ம பையன் ஒருத்தன் இங்க லோரி ஓட்டுறான்டா, இந்தா பேசு" என்று ஃபோனை அவன் காதில் வைத்தார். பேசி முடித்ததும் அவன் கியரை மாற்றி அடுத்த வளைவை எடுத்தான்.

"சித்தப்பா, குழாய் வீட்டுக்கு எந்தப் பக்கம்? இடதா, வலதா?" என்றான் பிறகு.

தங்குமிடத்தில் எங்களை இறக்கிவிட்டு லோரி போனது. சுற்றிலும் மூடுபனி. மலை இருந்ததற்கு என்னிடம் சாட்சி இல்லை.

"ஏண்ணே பொய் சொன்னீங்க?" என்றேன்.

"பொய்யா? அந்தத் தோட்டத்த வித்து, லயத்தையெல்லாம் இடிச்சு எத்தன வருசமாச்சு. காலியாத்தானே கெடக்கு. ஒரு ஆளு குடி வந்தா யாருக்கு நஷ்டம்?"

சொல்லிவிட்டு, லோரி போன பக்கமே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். தோளெல்லாம் ஈரம்.

"குளிருது, உள்ள வாங்க சித்தப்பா" என்றேன்.